தகரவில்லை முதல் வீசா வரை



நுவரெலியாவிலிருந்து பதுளைக்குச் செல்லும் பெருவீதியிலே, ஏறக்குறைய நடுவழியில் அமைந்திருப்பது எங்கள் வெலிமடை. ஹக்கலைத் தாவரவியற் பூங்காவைக் கடந்து கீழிறங்கும் வாகனங்கள், உருளைக்கிழங்கும் கோவாவும் லீக்ஸும் விளைந்து கிடக்கும் படிவயல்களினூடாக எமது ஊரை ஊடறுத்துச் சென்று, பண்டாரவளைக்கும் எல்லைக் குன்றுகளுக்கும் விரைகின்றன. அவ்வாகனங்களிலே பெரும்பாலும் இருப்போர் உல்லாசப் பிரயாணிகள். வெலிமடையிலே அவர்கள் இறங்குவது அரிது. தேநீர் அருந்தச் சிலர் இறங்குவர். வழி கேட்க ஒருவர் இறங்குவார். எனினும் எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் ஒவ்வொரு நாட்காலையும் அவர்களுக்குக் கைகாட்டத் தவறுவதில்லை.

ஒரு நாள் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம், “சேர், இவர்கள் எல்லோரும் யாரைக் கேட்டு எங்கள் நாட்டுக்குள் வருகிறார்கள்?” என்று வினவினான். சரித்திர பாடவேளையில் எழுந்த வினா அது. “வீசா என்ற அனுமதி பெற்று வருகிறார்கள்” என்று ஒரு வாக்கியத்தில் விடை கூறி அப்பால் நகர்ந்திருக்கலாம். ஆனால் அவ்வினாவைக் கேட்ட பிள்ளை, தோட்டத்து லயமொன்றிலிருந்து வருபவன். அவனுடைய பாட்டனாரின் தந்தையும் கடல் கடந்து இந்நாட்டுக்கு வந்தவரே. அவர் யாரைக் கேட்டு வந்தார்? அவர் கழுத்திலே தொங்கியது எந்த அனுமதி? இவ்விரு வினாக்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது, இலங்கையின் வாயிற்கதவு யாருக்கு எப்போது திறந்தது, யாருக்கு எப்போது மூடிற்று என்னும் வரலாறு ஒருவாறு துலங்குகிறது. இன்று அந்த வரலாற்றையே நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே, கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்ட காலத்தில், தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களுக்குக் கடவுச்சீட்டும் இல்லை, வீசாவும் இல்லை. தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காடும் வறட்சியும் நிறைந்த வடபாதை வழியாக மாத்தளை வரை கால்நடையாக வந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் வழியிலேயே பலரைக் கொன்றன. ஊவாவுக்கு வரவேண்டியோர் அதன் பின்னும் மலையேறி நடக்க வேண்டியிருந்தது. அரசாங்கம் அவர்களை எவ்விதத்திலும் தடுக்கவில்லை. வழியிலே பாதுகாக்கவும் நெடுங்காலம் முற்படவில்லை. கதவு அகலத் திறந்திருந்தது உண்மையே. அதன் இருமருங்கிலும் புதைகுழிகள் இருந்தன என்பதும் உண்மையே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ‘தகரத் துண்டு’ முறை வந்தது. சிறு தகரவில்லை ஒன்று. அதிலே தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் கயிற்றிற் கோத்துக் கழுத்தில் அணிந்த தொழிலாளி, புகையிரதத்துக்கும் கப்பலுக்கும் காசு கொடாமலே, தான் சேரவேண்டிய தோட்டம் வரை கொண்டுவந்து சேர்க்கப்படுவார். செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். இதனை, கங்காணியின் கடனைக் குறித்து ஒரு தோட்டத்துத் துரை எழுதிக் கொடுத்த ‘துண்டு’ என்னும் கடிதத்தோடு மயங்கலாகாது. அந்தத் துண்டு முறை 1921ஆம் ஆண்டிற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தகரவில்லையோ பிரயாணத்துக்குரியது. பெயர் எழுதப்படாத, இலக்கம் மட்டுமே பொறித்த ஓர் அனுமதிப் பத்திரம் என்று அதனைச் சொல்லலாம். மண்டபம் முகாமிலே சில நாட்கள் நோய்த் தடுப்புக்காக நிறுத்தி வைக்கப்பட்டு, மருந்து நீரிற் குளிப்பாட்டப்பட்டு, அதன்பின் கப்பலேற்றப்பட்டவர்களின் கதைகளை எங்கள் பெருங்கிழவர்கள் வாயிலாகக் கேட்டோர் மலைநாட்டில் இன்னும் உளர்.

அதே காலத்திலே வேறொரு வகைப் பிரயாணியும் இத்தீவுக்கு வரத் தொடங்கினார். 1869இற் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டபின், ஐரோப்பாவிலிருந்து கிழக்கு நாடுகளுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் சென்ற நீராவிக் கப்பல்கள் கொழும்பிலே தங்கிச் சென்றன. நிலக்கரி ஏற்றும் அந்த ஓரிரு நாளிலே பிரயாணிகள் இறங்கிக் கறுவாத் தோட்டத்தையும் கண்டியையும் கண்டு மீண்டனர். வசதியுள்ளோர் மலைநாட்டுக்கும் வந்தனர். புகையிரதம் 1885இல் நானுஓயாவையும், 1894இற் பண்டாரவளையையும், 1924இற் பதுளையையும் எட்டிற்று. இன்று உலகெங்கும் படமாகப் பரவியிருக்கும் எல்ல நகரின் ஒன்பது வளைவுப் பாலமும், தெமோதரையிலே இருப்புப்பாதை தன்னைத் தானே சுற்றிக்கொண்டு நிலையத்தின் அடியாற் செல்லும் வளையமும் இந்தப் பாதையின் பகுதிகளே. தேயிலையை இறக்குவதற்காகவும், தேயிலை பறிக்கும் ஆட்களை ஏற்றுவதற்காகவும் போடப்பட்ட பாதை அது. அதன் அழகு பிற்காலத்தார் கண்டெடுத்த இலாபம்.

முதல் உலகப் போருக்கு முன்னர் உலகின் பல பகுதிகளிலே கடவுச்சீட்டின்றியே பிரயாணம் செய்ய முடிந்தது. போர்க்காலத்தில் ‘தற்காலிகமாக’ வந்த கட்டுப்பாடுகள் போர் முடிந்த பின்னும் நீங்கவில்லை. 1920ஆம் ஆண்டு பாரிஸிலே கூடிய மாநாடு கடவுச்சீட்டுக்கு ஒரு பொது வடிவம் வகுத்தது. அவசரத்துக்கென்று வரும் கட்டுப்பாடுகள் நிரந்தரக் குடியிருப்பாளராக மாறிவிடுவது அரசாங்கங்களின் பழைய வழக்கம். எங்கள் பாடசாலையிலே ‘தற்காலிகக் கட்டடம்’ ஒன்று நாற்பது ஆண்டுகளாக நின்றுகொண்டிருப்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

ஆயினும் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலே போக்குவரத்துத் தடையின்றியே நடைபெற்றது. 1914ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், சென்னையிலே ஒரே பற்றுச்சீட்டு வாங்கி, தனுஷ்கோடியிற் கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கி, கொழும்பு வரை வரலாம். போட் மெயில் என்று அதற்குப் பெயர். தோட்டத்து மக்கள் பொங்கலுக்கும் திருமணத்துக்கும் ஊருக்குச் சென்று வந்தார்கள். ஊர் என்றால் அவர்களுக்கு இருகரையும் ஊரே.

முதலில் மூடியது அக்கரைக் கதவு. இலங்கை அரசாங்கம் நாட்கூலிக்கிருந்த இந்தியத் தொழிலாளரை வேலைநீக்கம் செய்ததற்கு மறுமொழியாக, இந்திய அரசாங்கம் 1939 ஆகஸ்ட் 1ஆம் திகதி முதல் பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதைத் தடைசெய்தது. பின்னர் மூடியது இக்கரைக் கதவு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை நேயர்கள் பலரும் அறிவர். அதே ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தை அறிந்தோர் அத்துணைப் பேரல்லர். அதுவே குடிவரவு குடியகல்வுச் சட்டம். 1949 நவம்பர் 1ஆம் திகதி அது நடைமுறைக்கு வந்தது. குடிவரவு குடியகல்வுத் திணைக்களமும் அன்றே தோன்றிற்று. இன்று கட்டுநாயக்க விமான நிலையத்திலே ஜேர்மானியருக்கும் யப்பானியருக்கும் வழங்கப்படும் அனுமதி அந்தச் சட்டத்தின் வழித்தோன்றலே. ஆனால் அச்சட்டம் பிறந்த வேளையிலே ஆட்சியாளரின் கண்முன் நின்றவர் உல்லாசப் பிரயாணி அல்லர்; பாக்கு நீரிணையைக் கடந்து வரும் இந்தியத் தொழிலாளியும் கடைக்காரரும் ஆவர்.

இதன் விளைவு தோட்டங்களில் எவ்வாறு உணரப்பட்டது என்பதைச் சற்று விரித்துரைக்க வேண்டும். தாய் இறந்தாள் என்று தந்தி வந்தால், அதுவரை மூட்டை கட்டிப் புறப்பட்டவர்கள், இனிக் கடவுச்சீட்டோ அதற்கீடான பத்திரமோ, அதிலே திரும்பிவர அனுமதியோ இன்றிச் செல்ல முடியாத நிலை உண்டாயிற்று. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டமோ, 1946 ஜனவரிக்கு முற்பட்ட காலத்திலே விவாகமானவர் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும் இடையறாது இங்கு வசித்திருக்க வேண்டும் என்றது. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியில் இருந்திருந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். ஆகவே, ஊருக்குப் போய் நோயுற்றுப் படுத்தவரும், வயல் வழக்கிற் சிக்கித் தாமதித்தவரும், பிள்ளைப்பேற்றுக்குச் சென்று தங்கியவரும் தாமறியாமலே தம் உரிமையை இழந்திருந்தனர். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. 1964 வரையிலே ஏறக்குறைய 1,34,000 பேருக்கே பிரஜாவுரிமை கிடைத்தது. வடமேற்குக் கரையிலே இராணுவம் காவல் போடப்பட்டது. ‘கள்ளத்தோணி’ என்னும் சொல் அக்கரையிலிருந்து களவாக வந்தவரைக் குறித்துத் தொடங்கி, லயத்திலே பிறந்து லயத்திலே வளர்ந்த பிள்ளையையும் சந்தையிலே இழித்துரைக்கும் வசையாகப் பரவிற்று. என் இளமையில் வெலிமடைச் சந்தையிலே அச்சொல்லை நானும் கேட்டிருக்கின்றேன்.

இனி, உல்லாசப் பிரயாணியின் கதைக்கு வருவோம். 1937ஆம் ஆண்டிலே அரசாங்க உல்லாசப் பிரயாணப் பணியகம் ஒன்று நிறுவப்பட்டது. கொழும்புத் துறைமுகத்திலே இறங்கும் கப்பற் பிரயாணிகளுக்கு உதவுவதே அதன் முதற்பணி. போர் வந்ததும் 1940இல் அது மூடப்பட்டு, 1948இல் மீளத் திறக்கப்பட்டது. அந்த ஆண்டை நேயர்கள் கவனிக்க வேண்டும். ஒரே ஆண்டிலே ஒரு கையாற் கதவை மூடும் சட்டமும், மறு கையால் விருந்தினரை அழைக்கும் பணியகமும் அமைந்தன. அக்காலத்து அரசாங்கத்துக்கு இதிலே முரண்பாடு தோன்றியிராது. ஒருவர் உழைக்க வருபவர், மற்றவர் செலவழிக்க வருபவர் என்பதே அதன் கணக்கு.

1963ஆம் ஆண்டிலே ரோமாபுரியில் ஐக்கிய நாடுகள் சபை கூட்டிய சர்வதேசப் பிரயாண, உல்லாசப் பிரயாண மாநாடு, எல்லைகளிலே பிரயாணிகளை வருத்தும் பத்திர முறைகளை இலகுவாக்குமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. இலங்கையும் அப்போது அந்நியச் செலாவணிக் குறைவினால் அல்லலுற்றுக் கொண்டிருந்தது. 1966ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கை உல்லாசப் பிரயாணச் சபை அமைந்தது. 1967 முதல் 1976 வரைக்கும் பத்தாண்டுத் திட்டமொன்று வகுக்கப்பட்டு, கொழும்பு, தென்கரை, கிழக்குக்கரை, புராதன நகரங்கள், மலைநாடு என ஐந்து பிரதேசங்கள் குறிக்கப்பட்டன. 1966இலே வந்த உல்லாசப் பிரயாணிகள் 18,969 பேர். பதினாறு ஆண்டுகள் கழித்து, 1982இலே வந்தோர் 4,07,230 பேர். இருபது மடங்குக்கு மேற்பட்ட இவ்வளர்ச்சிக்குக் கடற்கரையும் பெரு விமானங்களும் காரணம். மேல்நாட்டவர் பலர் முன்கூட்டி அனுமதி பெறாமல் வந்திறங்கி, விமான நிலையத்திலேயே முத்திரை பெறத்தக்கதாக நடைமுறை எளிதாயிருந்தமையும் ஒரு காரணமே.

அதே பதினாறு ஆண்டுகளிலே வேறொரு பெயர்ச்சியும் நிகழ்ந்தது. 1964 அக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, 5,25,000 பேரை இந்தியா ஏற்கவும் 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை வழங்கவும் இணக்கம் ஏற்பட்டது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இற் செம்பாதியாகப் பிரித்துக்கொண்டன. பதுளையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் அப்புத்தளையிலிருந்தும் குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு கோச்சியேறித் தலைமன்னாருக்குச் சென்றன. மலைநாட்டு மக்கள் அதற்கு ‘அழுகைக் கோச்சி’ என்று பெயரிட்டார்கள். 1984இலே கப்பற் போக்குவரத்து நிற்கும் வரையிலே இலட்சக்கணக்கானோர் அவ்வாறு சென்றனர். அவர்களிற் பலர் நீலகிரியிலே, தாயகம் திரும்பியோருக்கென்றே தமிழ்நாட்டு அரசாங்கம் 1968 முதல் நாட்டிய தேயிலைத் தோட்டங்களிலே, மீண்டும் கொழுந்துக் கூடையையே தோளில் மாட்டினார்கள்.

என் தந்தையாரின் தமக்கையும் அவ்வாறு சென்றவரே. அது 1978ஆம் ஆண்டு. எனக்கு எட்டு வயது. பண்டாரவளை நிலையத்திலே அத்தை என்னைத் தூக்கி வைத்திருந்தமையும், கோச்சி அசைந்ததும் யாரோ என்னைப் பறித்து இறக்கியமையும் நினைவில் இருக்கின்றன. மேடையின் மறுபுறத்திலே இரண்டு வெள்ளைக்கார இளைஞர்கள் முதுகிற் பொதிகளோடு நின்று, இது என்ன திருவிழா என்று கேட்பவர் போல எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிற் குற்றமில்லை. அவர்களுக்கு அன்று முத்திரை. அத்தைக்கு அன்று பத்திரம். அவ்வளவே.

அதன் பின்னர் நிகழ்ந்தவற்றை நேயர்கள் அறிவர். 1983ஆம் ஆண்டின் ஆடிக் கலவரத்தோடு பிரயாணிகளின் தொகை வீழ்ந்தது. யுத்தம் முடியும் வரையிலே ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. 2018இலே 23 இலட்சத்து 33 ஆயிரத்து 796 பேர் வந்தனர். நாட்டுக்குக் கிடைத்த வருவாய் 438 கோடி டொலர். 2019 ஏப்ரல் 21ஆம் திகதிக் குண்டுவெடிப்புகளும், அடுத்து வந்த கொள்ளைநோயும், 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியும் அத்துறையைக் கவிழ்த்தன. எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற அந்நாட்களிலே, டொலர் என்னும் சொல்லை எங்கள் தோட்டத்துக் கிழவிகளும் உச்சரிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

வீசாக் கொள்கை இக்காலத்திற் பட்ட பாட்டை இனிச் சொல்ல வேண்டும். 2012 ஜனவரி 1ஆம் திகதி முதல், வருமுன்னரே மின்வழியாக அனுமதி கோரும் முறை வந்தது. சிங்கப்பூர், மாலைதீவு, சீசெல்ஸ் ஆகிய மூன்று நாட்டாருக்குக் கட்டணமில்லை. சார்க் நாட்டவருக்குக் குறைந்த கட்டணம். ஏனையோருக்குக் கூடிய கட்டணம். 2019 ஆகஸ்டில் 48 நாட்டவருக்குக் கட்டணம் ஆறு மாதத்துக்கு நீக்கப்பட்டது. 2023இன் இறுதியிலே இந்தியா, சீனா, ரஷ்யா, யப்பான், மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா ஆகிய ஏழு நாட்டவருக்கு 2024 மார்ச் முடியும்வரை இலவசம் என்றாயிற்று. 2024 ஏப்ரலிலே விண்ணப்பங்களை ஏற்கும் பணி வெளியாரிடம் ஒப்படைக்கப்பட்டு, வீசாக் கட்டணத்தின்மேற் சேவைக் கட்டணமும் ஏறிற்று. மே மாத முதல் நாளிலேயே விமான நிலையத்திற் கூச்சல் எழுந்தது. ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அவ்வேற்பாட்டை இடைநிறுத்திப் பழைய முறையை மீட்குமாறு கட்டளையிட்டது. செப்டெம்பர் இறுதியிலேதான் பழைய முறை மீண்டது. இதற்கிடையே 35 நாடுகளுக்கு இலவசம் என்ற அறிவித்தலும், 2025 ஜூலையில் 40 நாடுகளுக்கு என்ற அறிவித்தலும் வெளிவந்தன.

பாடவேளை அட்டவணையை வாரந்தோறும் மாற்றும் பாடசாலையிலே பிள்ளைகள் எந்தப் புத்தகத்தைக் கொண்டுவருவர்? பிரயாணி ஒருவர் ஆறு மாதத்துக்கு முன்னரே தம் விடுமுறையைத் திட்டமிடுகிறார். கட்டணம் எவ்வளவு, எந்த வாயிலில் விண்ணப்பிப்பது, எத்தனை நாள் தங்கலாம் என்பன அவர் புறப்படுமுன் மும்முறை மாறுமாயின், அவர் வேறு நாட்டுக்குச் செல்வார். கட்டணத்தின் அளவைக் காட்டிலும் அதன் நிலையாமையே பெருங்குறை என்பது என் எண்ணம்.

இனிக் கட்டணத்தையும் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். 2024இலே 20 இலட்சத்து 53 ஆயிரத்து 465 பேர் வந்தனர். வருவாய் ஏறக்குறைய 317 கோடி டொலர். ஆளுக்குச் சராசரி 1,540 டொலர். வீசாக் கட்டணம் 50 டொலர் என்று கொண்டால், அஃது அதன் முப்பத்தொன்றில் ஒரு பங்கு. முப்பத்தொருவர் வரும் இடத்திலே, கட்டணத்தை நீக்கியதனால் முப்பத்திரண்டாமவர் ஒருவர் மேலதிகமாக வந்தாற் போதும்; நாட்டுக்கு வரும் அந்நியச் செலாவணி ஈடாகிவிடும். எவருக்கும் கட்டணமின்றி வந்திறங்கியதும் முப்பது நாள் அனுமதி வழங்கும் மாலைதீவு, ஏறக்குறைய ஐந்து இலட்சம் சனத்தொகையை உடைய அத்தீவுக் கூட்டம், அதே 2024இல் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட விருந்தினரை வரவேற்றது. தாய்லாந்து அவ்வாண்டு ஜூலையிலே 93 நாட்டவருக்கு அறுபது நாள் வீசாவிலக்கு வழங்கிற்று.

ஆயினும் இக்கணக்கிலே ஒரு கள்ளம் இருக்கிறது என்பதை மறைத்தல் தகாது. வீசாக் கட்டணம் நேரே திறைசேரிக்குச் செல்லும் பணம். பிரயாணி செலவழிக்கும் பணமோ விடுதிக்காரருக்கும் வாகன முதலாளிக்கும் செல்வது. அதிலே வரியாக அரசாங்கத்துக்கு வருவது ஒரு சிறு பங்கே. கடன்பட்ட அரசாங்கம் கையிலுள்ள ஐம்பது டொலரை விடத் தயங்குவதிலே நியாயம் இல்லாமலில்லை. இந்தோனேசியா 169 நாட்டவருக்கு 2016இல் வழங்கிய வீசாவிலக்கைப் பின்னர் மீளப்பெற்று, வந்திறங்கியதும் கட்டணம் செலுத்தும் முறைக்குத் திரும்பியமையும் நோக்கத்தக்கது. எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்டால் எல்லாம் நலமாகும் என்று கூறுவார் கூற்றை அதனால் நான் முழுமையாக ஏற்பதற்கில்லை. தென்கரையிலே உல்லாசப் பிரயாண அனுமதியில் வந்து ஆண்டுக்கணக்கிற் தங்கி வியாபாரம் நடத்தியோரைக் குறித்து 2024இல் எழுந்த மனக்கசப்பும் பொய்யன்று. வருவதற்கு எளிமையும், தங்கித் தொழில் செய்வதற்குத் தெளிவான வேறு விதியும் வேண்டும். இரண்டையும் ஒரே முத்திரையிற் குழைத்ததே தவறு.

எங்கள் ஊவாவுக்கு இதனால் வரும் பயன் யாது என்று கேட்பார் உளர். எல்ல என்னும் சிற்றூர் இருபதாண்டுகளிலே விடுதிகளால் நிறைந்துவிட்டது. அப்புத்தளைக்கு மேலே, தம்பேதன்னைத் தோட்டத்திலே, லிப்டன் அமர்ந்து தம் மலைகளை நோக்கிய இடத்துக்கு விடியற்காலையில் வாகனங்கள் வரிசையிற் செல்கின்றன. அவற்றைக் கண்டு ஒதுங்கி நிற்கும் கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாட்சம்பளம் 2024இலே 1,350 ரூபாயாக உயர்ந்தது. அந்தச் சம்பளத்திலே ஐம்பது டொலர் என்பது அவளுக்குப் பதினொரு நாள் உழைப்பாக இருந்தது. அவளைப் படம் பிடிப்போர் பலர். அவள் பறித்த தேயிலையை அவள் வாயிலிலேயே வாங்குவோர் சிலர். தோட்டத்து இளைஞர் சிலர் முச்சக்கரவண்டி ஓட்டியும் வழிகாட்டியும் வருவாய் ஈட்டுகின்றனர். விடுதிகளிலே சமையற்கட்டிலும் துணிவெளுப்பிலும் பலர் வேலை செய்கின்றனர். காணியுரிமை இல்லாதவன் தன் லயத்தறையிலே விருந்தினரை வைத்திருக்க முடியாது என்பதே தடை. இது வீசாவினால் தீரும் காரியமன்று. காணியினால் தீர வேண்டியது. ஆனால் வருவோர் தொகை நிலையாக இருந்தாற்றான், அவ்விளைஞன் வங்கியிலே கடன் பெற்று வண்டி வாங்கத் துணிவான். 2025 நவம்பர் இறுதியில் வீசிய தித்வா புயலிலே பதுளை மாவட்டத்து மலைகள் சரிந்து, உயிர்கள் மாண்டு, புகையிரதப் பாதையும் வீதிகளும் சிதைந்தபோது, முதலில் வேலையிழந்தவர்களுள் அவ்விளைஞர்களும் இருந்தனர்.

பொருளாதாரம் பேசுவோர் பிரயாணியை ‘செலவழிப்பவர்’ என்றே எண்ணுகின்றனர். அண்மைக் காலமாக இலங்கைக்கு வருவோரில் ஐந்திலொரு பங்கினர் இந்தியர். அவர்களுள் சீதா எலியக் கோயிலைத் தரிசிக்க வருவோர் உண்டு. மணவிழா நடத்த வருவோரும் உண்டு. அவர்களோடு, கணக்கிலே தனியாகக் காட்டப்படாத இன்னொரு கூட்டத்தாரும் உண்டு. கோத்தகிரியிலும் கூடலூரிலும் வாழ்ந்துகொண்டு, தம் பிறந்த லயத்தை ஒருமுறை காண வருபவர்கள் அவர்கள். இந்நாட்டிலே பிறந்தும் இந்நாட்டின் பிரஜையாக ஒருபோதும் ஏற்கப்படாதவர்கள் ஆகையால், இரட்டைப் பிரஜாவுரிமை கோரும் வழி அவர்களுக்கு இல்லை. இங்கு பிறந்தவர் என்று காட்டுவோருக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் கட்டணமின்றி, சற்று நீண்ட காலம் தங்கத்தக்க வருகை அனுமதி ஒன்றை வீசாச் சீர்திருத்தத்திலே சேர்த்தால், திறைசேரி இழப்பது சிறிது. 1948ஆம் ஆண்டின் அச்சட்டத்துக்கு அஃது ஒரு திருத்தமாகவும் அமையும்.

2024 பெப்ரவரியிலே, இந்தியருக்குக் கட்டணம் இல்லாதிருந்த அந்தச் சில மாதங்களுள், அத்தை வந்தார். எழுபத்து நான்கு வயது. மைத்துனரும் அவர் மனைவியும் உடன் வந்தனர். மின்வழி விண்ணப்பத்தை நிரப்பியது மைத்துனரின் மகள். பிறந்த நாடு என்ற இடத்தில் ‘இலங்கை’ என்று எழுதி, பிரஜாவுரிமை என்ற இடத்தில் ‘இந்தியா’ என்று எழுதியிருந்தாள். வருகையின் நோக்கம் என்ற இடத்திலே சுற்றிப் பார்த்தல், உறவினரைக் காணல் முதலிய தெரிவுகள் இருந்தன. பாட்டியிடம் கேட்டபோது, “அப்பாவுக்கு விளக்கு வைக்கப் போறேன்னு போடு” என்றாராம். அந்தத் தெரிவு அங்கே இல்லை. ஆகையால் ‘உறவினரைக் காணல்’ என்று குறித்தாள்.

வெலிமடைக்கு மேலேயுள்ள அத்தோட்டத்திலே மலையின் பன்னிரண்டாம் இலக்கத்திலே பழைய புதைகாடு. இப்போது அதன் பாதி தேயிலைக்குள் அமிழ்ந்துவிட்டது. அத்தை கற்களை எண்ணிக்கொண்டு நடந்து, ஓர் இடத்தில் நின்றார். அது சரியான இடந்தானா என்று எங்களில் எவரும் கேட்கவில்லை. விளக்கேற்றிய பின், இறங்கும் வழியில், பழக்க தோஷத்தால் இரண்டிலை ஒரு மொட்டைக் கிள்ளிக் கையிலே வைத்துக்கொண்டார். லயத்திலே தேநீர் கொடுத்தார்கள். பத்தாம் நாள் கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்குப் புறப்பட்டார்கள். அவ்வாண்டு வந்த 20,53,465 உல்லாசப் பிரயாணிகளுள் அத்தையும் ஒருவர்.